தும்மாத கொட்டகை

அவர் என்னிடம் பேசிய வாக்கியங்களை எல்லாம் ஒன்றுசேர்த்தால் பாதிக்கு மேல் ஒரே வாக்கியமாகத்தான் இருக்கும்: "சொல்ப சும்மா இருங்க சார்."

'சொல்ப' என்றால் கன்னடத்தில் 'கொஞ்சம்'. மூன்று தலைமுறையாக பெங்களூரில் இருக்கும் தமிழ்க் குடும்பம் அவருடையது. அப்பா மாநில அரசின் கால்நடைத் துறையில் வேலை பார்த்தவர். வீட்டில் தமிழ், வெளியே கன்னடம், எரிச்சல் வந்தால் இரண்டும் கலந்து என்று வளர்ந்தவர் இவர். என்னிடம் அவர் கோபப்பட்டதே இல்லை. சும்மா இருக்கச் சொன்னார், அவ்வளவுதான். என் மனைவி, மூன்று மேலதிகாரிகள், ஒரு பல் மருத்துவர் ஆகியோர் முயன்று கைவிட்ட காரியம் அது.

அவர் கோழி டாக்டர். பண்ணைக்காரர்கள் 'டாக்டரம்மா' என்பார்கள். எங்கள் அலுவலகத்தில், அவர் அறையில் இல்லாதபோது, 'காது' என்பார்கள். அந்தப் பெயரை வைத்தவன் நான். அப்போது அது எனக்குப் பெருமையாக இருந்தது.

அலுவலகம் என்றேன். எலெக்ட்ரானிக் சிட்டியில் ஒரு கண்ணாடிக் கட்டிடத்தின் நான்காம் மாடியில் உட்கார்ந்துகொண்டு கோழிக்கறி விற்ற நிறுவனம் எங்களுடையது. மாடியில் கோழி எதுவும் இல்லை, திரைகள் இருந்தன. அங்கே என் வேலை வாக்கியம் எழுதுவது. "இக்கோழி வளர்ப்பில் ஆன்டிபயாட்டிக் பயன்படுத்தப்படவில்லை" என்று பாக்கெட்டின் மேல் பச்சை எழுத்தில் இருந்ததே, அது என் படைப்பு. அதற்கு நான்கு மாதம் ஆனது. கடைசியில் சட்ட ஆலோசகர் ஒரு நட்சத்திரக் குறி போட்டு, எறும்பு படிக்கும் அளவு எழுத்தில் அடியில் 'பதிவேடுகளின்படி' என்று சேர்த்தார். அந்தப் பதிவேட்டை வடிவமைத்தவனும் நானே. பண்ணைக்காரர்களுக்குச் சிரமம் இல்லாமல் மூன்றே கட்டம்: நோய், கொடுத்த மருந்து, நாள். இவ்வளவு எளிமையான பதிவேட்டை இந்தத் தொழிலில் யாரும் பார்த்ததில்லை என்று எல்லோரும் பாராட்டினார்கள். பாராட்டியவர்கள் எல்லோரும் நான்காம் மாடியில் இருந்தவர்கள்.

டாக்டரம்மாவின் வேலை, பாக்கெட்டில் நான் எழுதியது உண்மைதானா என்று பார்ப்பது. கோழிகளை லாரியில் ஏற்றுவதற்கு முன் அவர் பண்ணைக்குப் போய் கையெழுத்துப் போட வேண்டும். மருந்து கொடுத்திருந்தால் அது உடம்பைவிட்டுப் போகும்வரை இத்தனை நாள் பொறுக்க வேண்டும் என்று கணக்கு உண்டு. அதற்குள் ஏற்றக்கூடாது. 'ஆவணங்கள் சரியாக உள்ளனவா' என்று பார்க்க நானும் கூடப் போவேன். கம்பெனி காரில் மேம்பாலம் ஏறி, சந்தாபுரா ஜங்ஷனில் அரை மணி நேரம் பிற வாகனங்களைத் தரிசித்துவிட்டு, ஆனேக்கல் பக்கம் திரும்புவோம்.

அவரோடு முதன்முதலாக ஒரு கொட்டகைக்குள் போன காலை நினைவிருக்கிறது. கோழிக் கொட்டகையை அங்கே யாரும் கொட்டகை என்று சொல்வதில்லை, ஷெட்தான். முந்நூறடி நீளம், இரண்டு பக்கமும் கம்பி வலை, கீழே உமி, அதன்மேல் பத்தாயிரம் வெள்ளைக் கோழிகள். அத்தனையும் ஒரே சமயத்தில் பேசும் சத்தம் எங்கள் அப்பார்ட்மென்ட் சங்கக் கூட்டத்தை நினைவூட்டியது; ஆனால் இங்கே ஏதோ ஒரு பொது நோக்கம் தெரிந்தது. இதைத்தான் அவரிடம் சொல்ல ஆரம்பித்தேன்.

"சொல்ப சும்மா இருங்க சார்."

ஃபேன்களை நிறுத்தச் சொன்னார். பிறகு உதட்டைக் குவித்து ஒரு சீழ்க்கை அடித்தார். பாட்டு இல்லை, ஒரே சுருதியில், தாழ்ந்த, நீளமான ஒலி. பத்தாயிரம் கோழிகளும் அப்படியே நின்றுவிட்டன. கொத்தப் போனது கொத்தவில்லை. கால் தூக்கியது தூக்கியபடி இருந்தது. சுவிட்சைத் தட்டினாற்போல் அந்த முந்நூறடியும் அணைந்துவிட்டது. ஐந்தாறு விநாடிதான். ஆனால் பத்தாயிரம் உயிர்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டு ஒரே திசையில் பார்ப்பதை நீங்கள் அனுபவித்திருக்க மாட்டீர்கள். அந்தத் திசையில் நான் நின்றுகொண்டிருந்தேன்.

எங்கோ ஒரு மூலையில் 'ச்சிக்' என்றது. ஈர நகத்தைச் சுண்டினால் வரும் சத்தம். டாக்டரம்மா கண்ணை மூடியபடி கட்டைவிரலை மடக்கினார். வேறொரு பக்கம் 'ச்சிக்'. ஆள்காட்டி விரல். நான்கு விரல் மடங்கியதும் கோழிகள் மறுபடி பேச ஆரம்பித்தன.

"திடீர்னு வித்தியாசமா ஒரு சத்தம் கேட்டா எல்லாம் கப்சிப் ஆயிரும்" என்றார் வெளியே வந்து. "ஆனா தும்மல அடக்க முடியாதில்ல? சளி புடிச்சது மட்டும் மாட்டிக்கும். நாலு, அஞ்சு வந்தா நல்ல ஷெட். பத்தாயிரம் பேர் இருக்கற ஊர்ல நாலு பேர் தும்மத்தானே செய்வாங்க? முப்பது, நாப்பதுன்னு போனாத்தான் வைத்தியம்."

"ஒண்ணுமே வரலன்னா ரொம்ப நல்ல ஷெட்டா மேடம்?" என்றேன், விருந்தாளிக்குரிய உற்சாகத்தோடு.

அவர் நின்று என்னைத் திரும்பிப் பார்த்தார். "அப்படி ஒண்ண நான் இன்னும் பாத்ததில்ல சார்."

கேட்பது அவருக்குத் தொழிலில் ஆரம்பித்து வியாதியாகிவிட்டிருந்தது என்றுதான் நான் நினைத்தேன். ஒருமுறை விற்பனைக் கூட்டத்தில் நாற்பது பேர் ஒரே சமயம் பேசிக்கொண்டிருந்தபோது, ஓரத்தில் உட்கார்ந்திருந்தவர் தன்னை மறந்து அந்தச் சீழ்க்கையை அடித்துவிட்டார். அறை நின்றது. பட்டம் வாங்கிய நாற்பது பேர் பாதிக் கை தூக்கியபடி உறைந்தார்கள். அந்த அமைதியில் மூன்று பேர் இருமினார்கள். அவர் மூன்று விரலை மடக்கினார். இருமியவர்களில் ஒருவரான விற்பனைத் தலைவர் அவரை அதன்பின் மன்னிக்கவே இல்லை.

இன்னொரு நாள் ஏதோ ஆவண விஷயமாகத் தொலைபேசியில் பேசிக்கொண்டிருந்தேன். பாதியில் நிறுத்தினார். "சொல்ப சும்மா இருங்க சார். பின்னாடி இருமறது யாரு?"

"என் மனைவி. சும்மா, சாதாரண சளி."

"எத்தன நாளா?"

"ஒரு வாரம். மாத்திரை வாங்கிக் குடுத்திருக்கேன்."

"எந்த டாக்டர் எழுதினாரு?"

எழுதியவர் நான்தான். தெருமுனையில் இருக்கும் மருந்துக் கடைக்குப் போய், போன வருடம் எனக்குக் கொடுத்ததையே கேட்டு வாங்கினேன். மூன்று நாளில் இருமல் குறைந்ததும் நிறுத்திவிட்டு, மிச்சப் பட்டையை ஃபிரிட்ஜ் கதவில், முட்டைக்குப் பக்கத்தில் பத்திரமாக வைத்தேன். இதை ஒரு சிக்கன நடவடிக்கை போல அவரிடம் விவரித்தேன்.

அவர் சொன்னார்: "கிருமிய நல்லா அடிச்சு, சாகறதுக்கு முன்னாடி வீட்டுக்கு அனுப்பி வெச்சிருக்கீங்க. அது போய் மத்ததுங்களுக்குச் சொல்லிக் குடுக்கும். அப்புறம் நீங்க எவ்ளோ சத்தம் போட்டுக் கூப்பிட்டாலும் ஒண்ணும் திரும்பிப் பாக்காது."

லிங்கராஜபுரத்தில் அவர் வீடு ஒரு தேவாலயத்தின் பின்பக்கச் சுவரை ஒட்டி இருந்தது. அவரும் அக்காவும் மட்டும். ஒரு சனிக்கிழமை மாலை ஏதோ கையெழுத்துக்காகப் போனேன். தேவாலயத்தில் மறுநாளைக்கான பாட்டுப் பயிற்சி நடந்துகொண்டிருந்தது. அவர் ஜன்னல் ஓரம் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். இருபது வருடமாக எல்லாச் சனிக்கிழமையும் அப்படித்தான் என்று அக்கா சொன்னார். "சாமி கும்புடறதுக்குக்கூட அவ இவ்ளோ நேரம் உக்காந்ததில்ல."

"முதல் வரிசைல ஒரு பொண்ணு இருக்கு சார்" என்றார் டாக்டரம்மா. "அதோட முகத்த நான் பாத்ததில்ல. மேல போகப் போக அதோட குரல் மட்டும் தனியா, மெல்லிசா, ஊசி மாதிரி ஏறும். இன்னிக்கு தொண்ட கட்டியிருக்கு பாவம். கேக்குதா?"

எனக்குப் பாட்டு கேட்டது. ஒரு ஆட்டோ கேட்டது. கேட்கிறது என்றேன்.

இனி நாலாம் நம்பர் ஷெட்.

ஆனேக்கல் தாண்டி முனிராஜு என்பவருடைய பண்ணை. மொத்தம் நான்கு ஷெட். அவர் மனைவி போடும் டீக்காகவே அந்தப் பண்ணைக்குப் போக நான் ஆசைப்படுவேன். தண்ணீரிலேயே ஒரு மெல்லிய இனிப்பு உண்டு அங்கே. இரண்டு வருடத்தில் நான் அந்த டீயைப் பற்றிப் பேசாத ஆள் இல்லை. டாக்டரம்மா மட்டும் எந்தப் பண்ணையிலும் எதுவும் குடிக்க மாட்டார். கேட்டால் தன் பாட்டிலைத் தூக்கிக் காட்டுவார். சாதிக் கட்டுப்பாடோ என்று நான் சந்தேகப்பட்டு, முற்போக்காக வருந்தியதும் உண்டு.

அது டிசம்பர். பனி இறங்கி ஊரே இருமிக்கொண்டிருந்தது. எங்கள் டிரைவர் இருமினார், முனிராஜு இருமினார், அவர் நாய் இருமியது. வழியில் முதல் மூன்று ஷெட்களைப் பார்த்தோம். அவற்றில் இன்னும் சின்னக் குஞ்சுகள். நாலாம் ஷெட்டில் இருந்தவை மறுநாள் லாரி ஏற வேண்டியவை. பதிவேட்டைப் புரட்டினேன். வெள்ளை வெளேரென்று இருந்தது. நோய் இல்லை, எனவே மருந்து இல்லை, எனவே நாள் இல்லை. என் எளிமையின் வெற்றி.

டாக்டரம்மா ஃபேனை நிறுத்தச் சொல்லி, சீழ்க்கை அடித்தார். ஷெட் நின்றது.

ஒன்றும் வரவில்லை.

கண்ணைத் திறந்தார். கோழிகள் பேச ஆரம்பிக்கும்வரை காத்திருந்து மறுபடி அடித்தார். பத்தாயிரம் தலைகள் நிமிர்ந்தன. எங்கோ உத்தரத்திலிருந்து பனித்துளி ஒன்று தகரத்தில் விழுந்தது கேட்டது. விரல்கள் மடங்காமல் அப்படியே விரிந்திருந்தன. ஷெட்டின் நடுவுக்குப் போய் மூன்றாவது முறை அடித்தார். இந்தத் தடவை அமைதி ஐந்து விநாடியைத் தாண்டி நீண்டதுபோல் எனக்குத் தோன்றியது. கோழிகள் நாங்கள் போய்விடுவதற்காகக் காத்திருக்கின்றன என்று தோன்றியது. வெளியே நாய் இருமியது.

"நல்ல ஷெட் மேடம்" என்று முனிராஜு சொன்னார். "ஒரு தும்மல் இல்ல பாருங்க."

"அதான் பாக்கறேன்" என்றார் அவர். "இது நல்லாருக்கறது இல்ல முனிராஜு. இது வாயப் பொத்தி வெச்சிருக்கறது. யாரு பொத்தினா?"

"தேவராணே மேடம்" என்று கடவுள்மேல் ஆணையிட்டார் அவர். "எந்தச் சீக்குக்கும் எந்த மருந்தும் குடுக்கல. சீக்கே இல்ல, அப்புறம் ஏன் குடுக்கறேன்?"

கையெழுத்துப் போட மாட்டேன் என்று டாக்டரம்மா சொல்லிவிட்டார். கோழிகளின் பின்பக்கத்திலிருந்து பஞ்சுக் குச்சியில் மாதிரி எடுத்து ஆய்வுக்கூடத்துக்கு அனுப்ப வேண்டும், முடிவு வரும்வரை லாரி வரக்கூடாது. நான் பேச ஆரம்பித்தேன். பதிவேடு சுத்தமாக இருக்கிறது, தும்மவில்லை என்பதை ஒரு குற்றமாக எந்தப் படிவத்திலும் எழுத இடமில்லை, வேண்டுமானால் ஒரு கட்டம் சேர்க்கிறேன் என்றேன்.

"சொல்ப சும்மா இருங்க சார்."

முனிராஜு ஒரு கோழியைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டார். டாக்டரம்மா கையுறை மாட்டிக்கொண்டு குச்சியோடு குனிந்தார். நான் சும்மா இருந்திருக்கலாம். ஆனால் அந்தக் கோணத்தைப் பார்த்ததும், எங்கள் அலுவலகத்தின் வருடாந்திர மதிப்பீடும் இதே முறையில்தான் நடக்கிறது என்று எனக்குத் தோன்றிவிட்டது. தோன்றினால் சொல்லாமல் இருக்க என்னால் முடியாது. முனிராஜு வெடித்துச் சிரித்தார். அவர் பிடி தளர்ந்தது. கோழி உதறியது; அதன் நகம் கையுறையைக் கிழித்துக்கொண்டு டாக்டரம்மாவின் மணிக்கட்டில் ஒரு கோடு இழுத்தது.

பெரிய காயம் இல்லை. சோப்புப் போட்டுக் கழுவி, மருந்து வைத்துத் துணி கட்டிக்கொண்டார். "ஜோக் நல்லாத்தான் இருந்துச்சு" என்றார் காரில். நான் டீயின் இனிப்போடு சந்தாபுராவரை தூங்கிக்கொண்டு வந்தேன்.

நான்காம் நாள் அவர் கை முழங்கைவரை வீங்கிவிட்டது. மருத்துவமனையில் ஒரு மருந்து ஏற்றினார்கள். வீக்கம் மேலே போனது. வேறொன்று ஏற்றினார்கள், காய்ச்சல் மேலே போனது. கத்தியால் திறந்து, சீழை எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பினார்கள். சீழ் விரலை அசைக்கும் நரம்புகள்வரை போய்விட்டது, இப்படியே போனால் கையை எடுக்க வேண்டியிருக்கும், ரத்தத்தில் ஏறினால் கையோடும் நிற்காது என்று அக்காவிடம் சொல்லியிருந்தார்கள்.

நான் பார்க்கப் போன அன்று என்னைப் பார்த்ததும், "நாலாம் நம்பர் ஷெட் ரிப்போர்ட் வந்துச்சா சார்?" என்றார். வந்திருந்தது. எடுத்துப் போயிருந்தேன். தலையணைக்கு அடியிலிருந்து தன் சீழின் ரிப்போர்ட்டை எடுத்து, சாப்பாட்டுத் தட்டு வைக்கும் பலகையில் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். மருந்துகளின் பெயர் வரிசையாக. ஒவ்வொன்றுக்கும் நேரே ஒரு எழுத்து. எஸ் என்றால் அந்த மருந்துக்குக் கிருமி பணியும். ஆர் என்றால் பணியாது. இரண்டு பட்டியலிலும் பொதுவான மருந்துகளாகப் பார்த்து, இடது கையால் பென்சில் பிடித்துத் தட்டிக்கொண்டே போனார்.

"ஆர். இங்கயும் ஆர். ஆர், ஆர். ஆர், ஆர். எஸ்... இங்கயும் எஸ். ஆர், ஆர்."

கோழியின் பின்பக்கமும் அவர் மணிக்கட்டும் வரிக்கு வரி ஒன்றாக இருந்தன. ஒரு எழுத்துக்கூட மாறவில்லை. என் தொழிலில் இரண்டு ஆவணங்கள் அவ்வளவு துல்லியமாகப் பொருந்தி நான் பார்த்ததில்லை.

"ஒரே ஆள்தான் சார்" என்றார். அவர் குரலில் பயமே இல்லாதது எனக்கு அதிகப் பயமாக இருந்தது. "அன்னிக்கு நான் மூணு தடவ கூப்ட்டேன். ஒரு சத்தம் போடாம உக்காந்திருந்தான். இப்ப இங்க வந்து உக்காந்திருக்கான்."

பட்டியலில் எஸ் என்று இருந்தவை இரண்டே இரண்டு. கடைசி வரியில் இருந்தது, எதுவுமே வேலை செய்யாத நோயாளிகளுக்காக எடுத்துவைத்திருக்கும் மருந்து. ஒருகாலத்தில் கோழித் தீவனத்தில் கலந்துகொண்டிருந்தார்கள், பிறகு அரசாங்கம் தடை செய்தது. இன்னொன்று ஒரு பழைய ஊசி. இளம் டாக்டர் ஒருவர் வந்து விளக்கினார். முதலில் பழைய ஊசியையே போடலாம், இரண்டு வாரம். நன்றாக வேலை செய்யும். ஒரு விஷயம் மட்டும், சிலருக்கு அது காதைப் பாதிக்கும். போனால் திரும்பாது. சம்மதம் என்று இங்கே கையெழுத்து.

நான் டாக்டரம்மாவைப் பார்த்தேன். அவர் ஜன்னல் பக்கம் தலையைச் சாய்த்து எதையோ கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு இடது கையால் கோணலாகக் கையெழுத்துப் போட்டார். எங்கள் பண்ணைத் தாளில் போட மறுத்த கையெழுத்து.

அந்த வாரம் முனிராஜு மருத்துவமனைக்கு வந்தார். கட்டிலைப் பார்க்காமல், தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார். ஒருமுறை ஒரே ராத்திரியில் பாதி ஷெட் செத்துப்போயிருக்கிறது. குழி வெட்டி, கூடை கூடையாகக் கொட்டியிருக்கிறார். அதற்கப்புறம் தினமும் காலையில் குளித்துவிட்டு, சாமிக்கு விளக்கு வைத்துவிட்டு, ஷெட்டின் தண்ணீர்த் தொட்டியில் ஒரு ஸ்பூன் வெள்ளைப் பவுடர். "சீக்குக்கு இல்ல மேடம். சீக்கு வராம இருக்கறதுக்கு. புக்குல சீக்கு வந்தாத்தானே எழுதணும்னு இருக்குது?"

அவர் பொய் சொல்லவே இல்லை. என் மூன்று கட்டத்தில் அவருடைய தினசரிப் பயத்துக்கு இடமில்லை, அவ்வளவுதான்.

"எந்தத் தொட்டி?" என்று கேட்டேன்.

"மேல இருக்கறது சார். வீட்டுக்கும் அதுலருந்துதான் தண்ணி."

பவுடரைக் கரைப்பதற்குச் சர்க்கரை போல ஒன்றைச் சேர்த்திருப்பார்கள் என்று டாக்டரம்மா சொன்னார். இரண்டு வருடம் நான் புகழ்ந்த டீயின் இனிப்பு அதுதான். அன்று இரவு சாப்பிட உட்கார்ந்தபோது வயிற்றுக்குள் ஒரு சத்தமும் இல்லாததை முதன்முறையாகக் கவனித்தேன். உள்ளே முந்நூறடி நீளத்துக்கு ஏதோ நின்றுகொண்டு, நான் தூங்கக் காத்திருப்பதுபோல் இருந்தது. இன்றைக்கும் சில நாள் அப்படித் தோன்றும்.

நாலாம் ஷெட் கோழிகள் என் பச்சை வாக்கியம் இல்லாமல், சாதாரணச் சந்தைக்குப் போயின. எங்கே என்று நான் கேட்கவில்லை. எங்கோ ஒரு ஞாயிற்றுக்கிழமைக் குழம்புக்குப் போயிருக்கும்.

ஊசி வேலை செய்தது. வீக்கம் வடிந்தது. பத்தாம் நாள் காதுக்குள் ஏதோ விடாமல் ரீங்காரம் போடுகிறது என்றார் டாக்டரம்மா. இளம் டாக்டர் உடனே ஊசியை நிறுத்திவிட்டு, கடைசி வரி மருந்துக்கு மாறிவிடலாம் என்றார்.

"அது வேணாம். அது வேற யாருக்காவது வேணும்" என்றார் இவர். "இதையே முடிங்க. இன்னும் நாலு நாள்தானே?"

"காது போயிடும் மேடம்."

"பாதியில நிறுத்தறவங்கள முப்பது வருஷமா திட்டிட்டிருக்கேன்." அப்போது அவர் என்னைப் பார்க்கவில்லை. பார்த்திருக்கலாம். எங்கள் ஃபிரிட்ஜில் முட்டைக்குப் பக்கத்தில் அந்தப் பட்டை இன்னும் இருந்தது.

கை பிழைத்தது. முதலில் ஊசி போன்ற சத்தங்கள் போயின. பல்லி போயிற்று, பக்கத்து வீட்டுக் குக்கர் போயிற்று. ஊசியை முடித்த பிறகும் அது நிற்கவில்லை. மாதக்கணக்கில் உள்ளே இறங்கிக்கொண்டே இருந்தது. ஒரு சனிக்கிழமை அவர் வீட்டுக்குப் போனபோது, தேவாலயத்தில் பாட்டு நடந்துகொண்டிருந்தது. அவர் அதே நாற்காலியில் உட்கார்ந்து ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார். "இன்னிக்கு அந்தப் பொண்ணு வரல போல" என்றார். நான் காதைத் தீட்டிக் கேட்டேன். வாழ்க்கையில் முதன்முறையாக எனக்கு அது கேட்டது. மெல்லிசாக, தனியாக, மேலே மேலே போய்க்கொண்டிருந்தது. வரவில்லை போல என்று நானும் சொன்னேன்.

ஏப்ரலில் வேலைக்குத் திரும்பினார். காதில் மெஷின், நேரே பார்த்துப் பேசினால் புரிந்துகொள்வார். ஷெட்டுக்குள் போகும்போது மட்டும் இரைச்சல் வலிக்கிறது என்று கழற்றிப் பையில் வைத்துவிடுவார். கம்பெனி அவரை மாடியில் உட்காரச் சொன்னது. அவர் கேட்கவில்லை, அந்த வார்த்தையை நான் வேறு அர்த்தம் வராமல்தான் எழுதுகிறேன். "எனக்கு இப்ப எல்லா ஷெட்டும் நாலாம் நம்பர்தான் சார்" என்றார் காரில். "அதனால நீங்க வாங்க. நான் கூப்பிடறேன், நீங்க விரல மடக்குங்க."

முனிராஜுவின் பண்ணை. பவுடர் டப்பாக்களை டாக்டரம்மாவின் கண்முன்னே குழியில் போட்டு மூடிச் சத்தியம் செய்திருந்தார் முனிராஜு. பதிவேட்டில் நான் நான்காவதாக ஒரு கட்டம் சேர்த்திருந்தேன்: தண்ணீரில் கலந்தது எதுவானாலும். அதுவும் வெள்ளையாக இருந்தது.

டாக்டரம்மா ஷெட்டின் நடுவில் என் கையைப் பார்த்தபடி நின்று சீழ்க்கை அடித்தார். சுருதி சற்றுப் பிசகியிருந்தது. பாதி வெறும் காற்று. கோழிகளுக்கு அது போதுமானதாக இருந்தது. பத்தாயிரம் தலைகள் நிமிர்ந்தன. நான் வலது கையை விரித்து நீட்டிக்கொண்டு, என் உடம்பு முழுவதையும் காதாக்கிக்கொண்டு நின்றேன்.

ஒன்றும் வரவில்லை.

"சார்." வாசலில், அவர் முதுகுக்குப் பின்னால், முனிராஜு. "போன வாரம் ஒரே நாள்ல இருவது குஞ்சு போயிடுச்சு சார். பயந்துட்டேன். ஒரே ஸ்பூன்தான்."

நான் அசையவில்லை.

"ரெண்டே ரெண்டு விரல் மடக்குங்க சார். போதும். அவங்களுக்கு எங்க தெரியப்போவுது?"

ரகசியமாகக்கூடச் சொல்லவில்லை அவர். டீ வேண்டுமா என்று கேட்கும் குரலில், டாக்டரம்மாவுக்கு நான்கடி பின்னால் நின்றுகொண்டு சொன்னார். டாக்டரம்மா என் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் கண்ணில் ஒரு பள்ளிக்கூடப் பிள்ளையின் ஆவல் இருந்தது. நான் தைரியசாலி இல்லை. என் கட்டைவிரல் கொஞ்சம் நகர்ந்தது என்பதை மறைக்க மாட்டேன். முனிராஜுவின் குழி எனக்குத் தெரியும். அவர் முகமும் தெரியும். இரண்டு விரல், ஒரு கையெழுத்து, எல்லோரும் வீட்டுக்குப் போகலாம். இப்படி எத்தனையோ வாக்கியங்களை மடக்கிக் கொடுத்த கைதான் அது.

ஐந்து விரலையும் நேராக வைத்தேன்.

அவர் தலையாட்டினார். மறுபடி ஒருமுறை அடித்தார். என் கை அப்படியே இருந்தது. திரும்பி முனிராஜுவைப் பார்த்தார். முனிராஜு தலைக்கு மேலே தண்ணீர்த் தொட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தார். வேறெதுவும் கேட்க வேண்டியிருக்கவில்லை. பையைத் திறந்து பஞ்சுக் குச்சியை எடுத்தார். இரட்டைக் கையுறை மாட்டினார். மணிக்கட்டில் அந்தக் கோடு இப்போது தடித்த வெள்ளைத் தழும்பாக இருந்தது.

"நீங்களே புடிங்க சார்."

கைக்கு எட்டிய கோழியைத் தூக்கி, இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். அவர் குனிந்தார். வேலையை முடித்து, குச்சியைக் குழாயில் போட்டு மூடிவிட்டு, நிமிர்ந்து என் வாயைப் பார்த்தார்.

"ஏன் சார் உம்முனு இருக்கீங்க? பேசுங்க" என்றார். "இனிமே எவ்ளோ வேணா பேசலாம். எனக்கு ஒண்ணும் தொந்தரவு இல்ல."

கோழியை இன்னும் கொஞ்சம் இறுக்கிப் பிடித்துக்கொண்டு நின்றேன். அதுவும் சத்தம் போடவில்லை.